பார்த்தீனியத்தால் வரும் தோல் அரிப்பு: அறிகுறிகளும் பரிகாரமும்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒருவர் வயல் விழா ஒன்றில் என்னைச் சந்தித்தார். வயது ஐம்பது இருக்கும். மணிலாவும் நெல்லும் போடுபவர். கொஞ்சம் சாமந்தியும் உண்டு. மணிலாவில் இலைப்புள்ளி நோய்க்கு மருந்து கேட்க வந்தவர் அவர். நான் பார்த்ததோ அவருடைய முகத்தை. நெற்றி, இமைகள், கழுத்தின் இரு பக்கம், முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்து, யானைத் தோல் போல வரி வரியாக இருந்தன. பேசும்போதே கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டேன்.

"மூணு வருஷமாச்சு ஐயா. அக்கின்னு சொன்னாங்க, அக்கி எழுதிப் பார்த்தேன். அப்புறம் மருந்துக் கடையில களிம்பு வாங்கிப் போட்டேன். போட்டா அடங்குது, விட்டா ரெண்டு பங்கா வருது. ஒட்டுவாரொட்டியோன்னு பேரப்பிள்ளைய தூக்கறதில்ல. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம்னு இருக்கேன்."

"வெளியூர் போனால் எப்படி இருக்கிறது?"

சற்று யோசித்தார். "மக வீட்டுக்கு மெட்ராஸ் போயி பத்து நாள் இருந்தேன். பாதி வாங்கிடுச்சு. ஊருக்கு வந்த மறுவாரமே ஏறிப்போச்சு."

அந்த ஒரு பதிலே நோயின் முகவரியைக் காட்டிவிட்டது. அவர் நிலத்தை அடுத்து, வீட்டு மனைகளாகப் பிரிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடக்கும் இடம் இருக்கிறது. அங்கே இடுப்பளவுக்கு வெள்ளைப் பூவுடன் நிற்பது பார்த்தீனியம். இவருடைய வரப்பிலும் அதேதான். மூன்று ஆண்டுகளாக அவர் கையாலேயே பிடுங்கி வந்திருக்கிறார்.

இந்நோயைப் பற்றி நம் விவசாயிகள் அறிய வேண்டிய முதல் செய்தி இது: நோய்க்கு மருந்து உண்டு, ஆனால் செடி அருகில் இருக்கும் வரை எந்த மருந்தும் நிலைக்காது.

செடி வந்த கதை

பார்த்தீனியத்தின் தாயகம் மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள வெப்பமண்டல அமெரிக்க நாடுகளும் ஆகும். நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டு புனே நகரில் இது பரவியிருப்பது கவனத்துக்கு வந்தது. அந்நாளில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையுடன் விதை கலந்து வந்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. சில ஆண்டுகளில் புனே பகுதியில் வயலில் உழைப்போர் பலர் முகத்திலும் கழுத்திலும் கடும் அரிப்புடன் மருத்துவமனைக்கு வரலாயினர். காரணம் இச்செடிதான் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். அதன் பிறகு இக்களை நாடெங்கும் பரவிவிட்டது. கர்நாடக அரசு 1975-லேயே இதைத் தீங்கு தரும் களை என அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலும் ஆப்பிரிக்காவின் எத்தியோப்பியாவிலும் இதே தொல்லை உண்டு.

அடையாளம் காண்பது எப்படி?

இளஞ்செடி தரையோடு தரையாக வட்டமாக இலை விரித்துக் கிடக்கும். இலை சாமந்தி இலையைப் போலவும் கேரட் இலையைப் போலவும் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். வளர்ந்த பின் தண்டில் நீளவாட்டில் வரிப் பள்ளங்களும் நுண்ணிய ரோமங்களும் காணப்படும். மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும். பூக்கள் கடுகளவினும் சற்றுப் பெரியவை, வெள்ளை நிறம், உற்றுப் பார்த்தால் ஐந்து மூலை தெரியும். மாசிப்பத்திரி என்று எண்ணி இதைப் பறித்து முகர்வோரும் உண்டு. அது தவறு.

முளைத்த நான்கு முதல் ஆறு வாரத்தில் பூக்கத் தொடங்கிவிடும். நன்கு வளர்ந்த ஒரு செடி பத்தாயிரத்துக்கு மேல், இருபத்தைந்தாயிரம் வரைகூட விதை கொடுக்கும். ஈரம் இருந்தால் ஆண்டு முழுவதும் முளைக்கும். நம் மாவட்டத்தில் ஆடி மழை தொடங்கி மார்கழி வரை இதற்கு நல்ல காலம்.

தோலை எப்படித் தாக்குகிறது?

செடியின் ரோமங்களிலும் இலையிலும் பூவிலும் 'பார்த்தீனின்' என்ற வேதிப்பொருள் உள்ளது. இது அமிலம் போலத் தொட்டவுடன் எல்லோரையும் சுடுவதில்லை. பல மாதங்கள், சிலருக்குப் பல ஆண்டுகள், தொட்டுத் தொட்டுப் பழகிய பின் உடலின் எதிர்ப்புச் சக்தி இதை எதிரியாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பின் சிறிது பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, அரித்து, நீர் கசியும். இதையே ஒவ்வாமை என்கிறோம். ஒருமுறை உடல் இவ்வாறு பழகிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் அது மாறுவதில்லை.

"இத்தனை வருஷம் பிடுங்கினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று பலர் கேட்கிறார்கள். விடை இதுதான். இத்தனை வருஷம் பிடுங்கியதே காரணம்.

மேலும், செடியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து வந்து படிந்தாலே போதும். செடி காய்ந்தாலும் அதன் நஞ்சு காய்வதில்லை. சிலருக்கு இதே தூளாலும் மகரந்தத்தாலும் தும்மல், மூக்கில் நீர் வடிதல், இழுப்பு ஆகியவையும் உண்டாகும்.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகள்

1. அரிப்பு துணி மூடாத இடங்களில் இருக்கிறதா? முகம், கழுத்து, சட்டைப் பித்தான் திறந்திருக்கும் மார்பு, முன்கை ஆகியவை முதலில் தாக்கப்படும். வியர்வை தேங்கும் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தூள் தங்கும்.

2. கண் இமை, காதின் பின்புறம், தாடையின் கீழ்ப்பகுதி ஆகியவற்றில் உண்டா? வெயிலால் மட்டும் வரும் தோல் நோய் பெரும்பாலும் இந்த நிழல் இடங்களை விட்டுவிடும். காற்றில் வரும் தூளுக்கு நிழலும் வெயிலும் ஒன்றுதான்.

3. வயலுக்குப் போய் வந்த ஓரிரு நாளில் கூடுகிறதா?

4. ஒரு வாரம் பத்து நாள் வெளியூரில் தங்கினால் குறைகிறதா?

5. செடி பூத்துக் குலுங்கும் மாதங்களிலும், அது காய்ந்து தூளாகும் காலத்திலும் அதிகமாகிறதா?

இவற்றில் மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்றால் பார்த்தீனியத்தைச் சந்தேகிக்க வேண்டும். உறுதி செய்வது மருத்துவர் பணி. தோல் மருத்துவர் செடியின் சாற்றை முதுகில் ஒட்டுப்போட்டு, இரண்டு நாள் கழித்தும் பின்னர் மீண்டும் ஒருமுறையும் பார்த்துச் சொல்வார். இதைத் தாங்களே செடியைத் தேய்த்துச் சோதிக்கக் கூடாது.

நோய் முற்றியவர்களுக்கு வெயிலும் ஒத்துக்கொள்ளாமல் போகும். தோல் தடித்துக் கறுக்கும். அந்நிலைக்கு வருமுன் கவனிப்பது அவசியம்.

எவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

அக்கி: உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் வரும். அரிப்பைவிட எரிச்சலும் வலியும் அதிகம். சில வாரங்களில் ஆறிவிடும். மூன்று வருஷம் நீடிக்கும் அக்கி கிடையாது. அக்கி என்றாலும் காவி பூசிக்கொண்டு காத்திராமல், தொடக்க நாட்களிலேயே மருத்துவரைப் பார்ப்பதே நல்லது.

சொறி சிரங்கு: விரல் இடுக்கு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் வரும். இரவில் அரிப்பு அதிகம். வீட்டில் பலருக்கும் இருக்கும். இது ஒட்டக்கூடியது.

படர்தாமரை: வட்டமாகப் படர்ந்து, ஓரம் தடித்து, நடுவில் ஆறியது போலத் தெரியும். இதற்கு அரிப்புக் களிம்பைப் போட்டால் முற்றிவிடும்.

உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால் அது வேறு. தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

பார்த்தீனிய ஒவ்வாமை ஒட்டுவாரொட்டி அல்ல. பிள்ளைகளைத் தூக்கலாம், ஒரே தட்டில் உண்ணலாம். ஆனால் வயலிலிருந்து வந்த சட்டையோடும் துண்டோடும் தூக்கக் கூடாது. அவற்றில் தூள் இருக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

அரிப்பு தொடங்கியதும் வேலையை நிறுத்திவிட்டு வயலை விட்டு வெளியே வரவும். முகம், கழுத்து, கை ஆகியவற்றைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவவும். நகத்தடியில் தூள் தங்கும். நகத்தை ஒட்ட வெட்டவும். வேலைத் துணிகளை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைக்கவும். தலைத்துண்டை மறக்க வேண்டாம். முகம் துடைப்பது அதில்தான்.

நீர் கசியும் இடத்தில் சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி வைக்கலாம். சிவந்து அரிக்கும் இடத்தில் காலமைன் திரவம் தடவலாம். புண் இல்லாமல் வறண்டு வெடித்த தோலில் தேங்காய் எண்ணெய் போதும்.

செய்யக் கூடாதவை: சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, பச்சிலை அரைப்பு எதையும் பூச வேண்டாம். சிவந்த தோல் புண்ணுக்குச் சமம். அதன்மேல் இன்னொரு செடியின் சாறு பட்டால் இரண்டாவது ஒவ்வாமையும் சேரலாம்.

மருத்துவரிடம் எப்போது?

ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் கட்டாயம் காட்ட வேண்டும். கண் வீங்கி மூடிக்கொண்டாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும், உடல் முழுவதும் சிவந்தாலும், மூச்சு இழுத்தாலும் அன்றே போக வேண்டும். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. போகும்போது செடியின் கிளை ஒன்றைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். "என்ன வேலை செய்கிறேன், வயலைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது" என்பதையும் சொல்லுங்கள். இதைச் சொல்லாததால்தான் பலருக்கு நோய் பிடிபடுவதில்லை.

மருத்துவர்கள் பொதுவாக ஸ்டீராய்டு களிம்பும் அரிப்பைக் குறைக்கும் மாத்திரையும் தருவார்கள். கடுமையானால் சில நாள் ஸ்டீராய்டு மாத்திரை தரக்கூடும். நெடுநாள் நோய்க்கு அசாதயோப்ரின் என்ற மாத்திரையை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்துப் பயன் கண்டிருக்கிறார்கள். இம்மாத்திரை உண்போருக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை அவசியம்.

ஒரு எச்சரிக்கை. கடையில் கேட்டு வாங்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் வலுவான ஸ்டீராய்டு உண்டு. முகத்தில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் நோய் பன்மடங்காகத் திரும்பும். நம் வேங்கிக்கால் விவசாயிக்கு நேர்ந்ததும் இதுவே. அதே போல, மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

சாமந்தி பயிரிடுவோர் கவனத்திற்கு

பார்த்தீனியமும் சாமந்தி, சூரியகாந்தி, மருளுமத்தை ஆகியவையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றுக்கு ஒவ்வாமை வந்தவருக்குச் சில சமயம் மற்றதும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே பார்த்தீனியத்தை ஒழித்த பின்னும் அரிப்பு அடங்காவிட்டால், பூப் பறிக்கும் வேலையைச் சில வாரம் வேறொருவரிடம் விட்டுப் பார்க்கவும்.

அரிப்பு தரும் மற்ற செடிகள்

வேலியோரச் செந்தட்டி பட்டால் உடனே சுருக்கென்று குத்தி அரிக்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் அடங்கும். பூனைக்காலிக் காயின் சுனை பட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் நாடாவை ஒட்டி உரித்துச் சுனையை எடுத்த பின் கழுவவும். கள்ளிப்பாலும் எருக்கம்பாலும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சுத்தமான நீரைக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணில் ஊற்றிக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பச்சை முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெயும், காட்டில் சேகரிக்கும் சேங்கொட்டையின் சாறும் தோலைப் பொசுக்கிக் கொப்புளமாக்கும். கையுறை இன்றி இவற்றைத் தொட வேண்டாம். மாங்காய்க் காம்பின் பாலும் இதே இனம்தான்.

களையை ஒழிக்கும் முறை

முதல் விதி: ஒவ்வாமை உள்ளவர் களை பிடுங்கப் போகக் கூடாது. மற்றவர்களும் வெறுங்கையால் பிடுங்கக் கூடாது. ரப்பர் கையுறை அல்லது கெட்டியான பாலிதீன் பை, முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடிய துணி ஆகியவை வேண்டும். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வேலை செய்யவும்.

இரண்டாவது விதி: பூக்கும் முன் பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு வரும். மேலே அறுத்துவிட்டால் அடியிலிருந்து தழைத்துவிடும். பூக்காத செடியை மூன்றடி ஆழக் குழியில் சாணிக் கரைசல் தெளித்து அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் மூடி மட்கச் செய்தால் நல்ல எரு கிடைக்கும். பூத்த செடியை எருக்குழியில் போடக் கூடாது. விதை மீண்டும் வயலுக்கே வந்து சேரும். ஆழமாகப் புதைப்பதே நல்லது. வரப்பில் பிடுங்கிப் போட்டுக் காயவிட்டால் தூள் பறக்கும்.

பயிர் இல்லாத தரிசிலும் பாதையோரத்திலும், லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சாப்பாட்டு உப்பும் 2 மில்லி சோப்புக் கரைசலும் கலந்து, செடி பூக்கும் முன் நல்ல வெயில் நாளில் நனையத் தெளிக்கலாம். பத்து லிட்டர் டேங்குக்கு இரண்டு கிலோ உப்பு ஆகும். விளைநிலத்தில் இதைச் செய்யக் கூடாது, மண் உவராகும். களைக்கொல்லி தெளிப்பதானால் வேளாண்மை அலுவலரைக் கேட்டே செய்யவும். 2,4-டி போன்ற மருந்து காற்றில் அடித்து வந்தால் மணிலா, பருத்தி, மிளகாய், சாமந்தி எல்லாம் கருகும்.

மெக்சிகோவிலிருந்து 1984-ல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்ட 'சைகோகிரம்மா' என்ற வண்டு பார்த்தீனிய இலையைத் தின்று அழிக்கிறது. வெளிர் மஞ்சள் முதுகில் பழுப்பு வரிகள் ஓடும் சிறு வண்டு இது. மழைக்காலத்தில் பெருகும், வறட்சியில் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும். செடியில் இதைக் கண்டால் மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் மறு மழைக்கே மீண்டும் முளைக்கும். தரிசில் ஆவாரை, தகரை, துத்தி விதைகளைத் தூவி வைத்தால் அவை அடர்ந்து வளர்ந்து இதை அமுக்கும்.

கறவை மாடு வைத்திருப்போரும் கவனிக்க வேண்டும். தீவனம் இல்லாத காலத்தில் மாடு இதைக் கடித்தால் பால் கசக்கும். அதிகம் தின்றால் மாட்டின் உயிருக்கே கேடு.

ஊர் கூடிச் செய்ய வேண்டிய வேலை

ஒருவர் தம் வரப்பை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. பக்கத்து மனையின் விதை காற்றிலும் நீரிலும் வந்துவிடும். திருவண்ணாமலையைச் சுற்றி விளைநிலங்கள் மனைகளாக மாறிவரும் இந்நாளில், உரிமையாளர் வெளியூரில் இருக்க, தரிசு மனைகள் பார்த்தீனியப் பண்ணைகளாகி வருகின்றன. ஆகஸ்டு 15 கிராம சபைக் கூட்டத்தில் இதை எழுப்பலாம். ஆகஸ்டு நடுவில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்கள் ஆண்டுதோறும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரமும் நடத்துகின்றன. ஆடி மழையில் முளைத்த செடி பூத்துத் தள்ளும் முன் எடுக்க அதுவே ஏற்ற காலம்.

நம் விவசாயி தோல் மருத்துவரைப் பார்த்தார். கடைக் களிம்பை மருத்துவர் சொன்ன முறைப்படி படிப்படியாக விட்டார். அண்டை நிலத்தார் நால்வரும் அவர் மகனும் சேர்ந்து, மனை உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, இரண்டு மழைக்கு இரண்டு முறை அந்தத் தரிசைச் சுத்தம் செய்தார்கள். அவரை மட்டும் அந்தப் பக்கம் வரவிடவில்லை. நோய் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தைக் காற்றில் இன்னும் இமை அரிக்கிறது என்கிறார். ஆனால் கழுத்துத் தோல் மெல்ல மிருதுவாகி வருகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை; இந்தப் பருவமும் மணிலா போட்டிருக்கிறார். அடுத்த முறை பார்த்தபோது பேரப்பிள்ளை அவர் தோளில் இருந்தது.

ஆகவே விவசாயப் பெருமக்கள் முகத்தில் அரிப்புக் கண்டால் களிம்பைத் தேடுமுன் வரப்பைப் பார்க்கவும். தரையோடு வட்டமாக இலை விரித்த செடி தென்பட்டால், அது பூக்கும் முன், கையுறை அணிந்தவர் கையால், வேரோடு எடுக்கவும்.